சொன்ன சொல்லுக்காக

எல்பே ஆற்றங்கரையில், டிரெஸ்டன் நகரத்துக்குத் தென்கிழக்கே, பிர்னா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் ஈவா கிளெம்ப்பரர் என்ற பெண்மணி டிரெஸ்டனிலிருந்து அந்த ஊருக்கு அவ்வப்போது போய்வந்துகொண்டிருந்தார். அறுபதை எட்டிய வயது. நோய் விட்டுவிட்டு வந்து படுத்தும் உடம்பு. பியானோ வாசித்துப் பழகிய கை. அந்தக் கை சுமந்த பொருள்களுக்கு நடுவே அவருடைய கணவர் எழுதிய சில தாள்கள் இருக்கும். பிர்னாவில் அன்னமாரி கோலர் என்ற மருத்துவர் அவற்றை வாங்கி ஒளித்து வைப்பார். வழியில் யாராவது நிறுத்திச் சோதித்திருந்தால் ஈவா, கணவர், மருத்துவர் மூன்று பேருடைய கதையும் அன்றோடு முடிந்திருக்கும். தாள்களில் பெயர் குறிக்கப்பட்டிருந்த மற்றவர்களும் தப்பியிருக்க மாட்டார்கள்.

அந்தத் தாள்களை எழுதியவர் விக்டர் கிளெம்ப்பரர். பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர், யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெர்மானியர். ஹிட்லர் ஆட்சியின் 12 ஆண்டுகளையும் ஜெர்மனிக்குள்ளேயே, பெரும்பாலும் டிரெஸ்டனுக்குள்ளேயே வாழ்ந்து கடந்தவர். அந்த ஆட்சி மனிதர்களை மட்டுமல்லாமல் சொற்களையும் என்ன செய்தது என்று நாள் தவறாமல் குறித்து வைத்தவர்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவன். நாளிதழில் இரவு வேலையில் தொடங்கினேன். இப்போது புத்தகங்களுக்குப் பார்க்கிறேன். சொல்லை உற்றுப் பார்ப்பதுதான் என் தொழில் என்றாலும், நான் பார்ப்பது எழுத்துப் பிழை, சந்திப் பிழை, ஒருமை பன்மை மயக்கம். கிளெம்ப்பரர் பார்த்தது வேறு. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த நூலகத்தில், நாஜி ஆட்சியின் மொழியைப் பற்றி அவர் எழுதிய ‘எல்.டி.ஐ.’ என்ற புத்தகத்தை எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு இருபது முறை அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. முடிக்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு நாட்குறிப்புகளைத் தேடிப் படித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை, மேசையில் விரிந்திருக்கும் எந்தத் தாளையும் அவர் இல்லாமல் என்னால் படிக்க முடியவில்லை.

கிளெம்ப்பரர் 1881 அக்டோபர் 9 அன்று லாண்ட்ஸ்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. தந்தை யூத மதகுரு. பிறகு குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன்கள் பெரிய ஆள்கள்: கியோர்க், ஃபெலிக்ஸ் இருவரும் பெயர்பெற்ற மருத்துவர்கள், பெர்த்தோல்ட் வழக்கறிஞர். இசை நடத்துநர் ஓட்டோ கிளெம்ப்பரர் உறவினர். இப்படிப்பட்ட வீட்டின் கடைக்குட்டி பள்ளியை விட்டு நின்று, வணிக நிறுவனம் ஒன்றில் தொழில் பழகப் போனார். அது ஒத்துவரவில்லை. திரும்பிவந்து பள்ளியை முடித்தார். மியூனிக், ஜெனீவா, பாரிஸ், பெர்லின் என்று நான்கு ஊர்களில் படித்தார். அதையும் பட்டம் வாங்காமல் விட்டார். பெர்லினில் பத்திரிகைகளுக்கு எழுதிக் காலம் தள்ளினார். 1906இல் ஈவா ஷ்லெம்மரை மணந்தார். ஈவா பியானோ கலைஞர், புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பெண். தாம் அண்ணன்களின் உயரத்தை எட்டாதவர் என்ற உறுத்தல் அவரைக் கடைசிவரை விடவில்லை என்பது நாட்குறிப்பின் பல பக்கங்களில் தெரிகிறது.

முப்பதைத் தாண்டிய பிறகுதான் மீண்டும் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1913இல் முனைவர் பட்டம். மறு ஆண்டே மியூனிக்கில் கார்ல் ஃபோஸ்லரிடம் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோன்தெஸ்கியூ பற்றிய ஆய்வை முடித்துப் பேராசிரியராகும் தகுதி பெற்றார். நேப்பிள்ஸில் சிறிது காலம் கற்பித்தார். முதல் உலகப் போரில் தாமாக முன்வந்து படையில் சேர்ந்து மேற்கு முனையில் பீரங்கிப் பிரிவில் இருந்தார். 1920இல் டிரெஸ்டன் தொழில்நுட்ப உயர்கல்விக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். பொறியியல் மாணவர்கள் நிறைந்த இடத்தில் பிரெஞ்சு இலக்கியம் கற்பிப்பது அவர் கனவு கண்ட பதவி அல்ல. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் அழைப்புக்குக் காத்திருந்தார். அந்த அழைப்பு வரவேயில்லை.

அவருடைய உயிர் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்தது. வோல்டேர், ரூசோ, மோன்தெஸ்கியூ. அந்த நூற்றாண்டின் பிரெஞ்சு இலக்கிய வரலாற்றை எழுதிவிட வேண்டும், அதுதான் தம்முடைய வாழ்நாள் பணி என்று நினைத்தார். 1933க்குப் பிறகும் பல ஆண்டுகள் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். நாட்குறிப்பு பக்கவாட்டில் ஓடியது. அவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிற இடம் இதுதான். பக்கவாட்டில் ஓடியதே பெரும்பணியாக நின்றது உண்மை. ஆனால் அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டுப் படிப்பு இல்லாவிட்டால் நாட்குறிப்பின் காது இப்படிக் கூர்மையாக இருந்திருக்காது.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ‘ஃபனாடிஷ்’. கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோயிலில் ஆவேசம் வந்து ஆடுகிறவனின் நிலை என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் ‘வெறி பிடித்த’ என்று சொல்லலாம். வெறியாட்டும் கோயில் களத்துக்கு உரியதுதான் என்பதால் நமக்கு இந்தத் தொடர்பு உடனே புரியும். வோல்டேருக்கும் அவருடைய காலத்து அறிஞர்களுக்கும் இதைவிடக் கடுமையான வசைச்சொல் கிடையாது. சிந்திக்க மறுக்கிறவன், கொல்லத் துணிந்தவன் என்ற பொருள் அதற்குள் இருந்தது. ஆண்டுக்கணக்கில் அந்த நூல்களில் மூழ்கிக் கிடந்த ஒருவர், 1933க்குப் பிறகு தெருவில் இறங்கினால், அதே சொல் மெச்சுதலாகக் காதில் விழுகிறது. வெறி மிகுந்த உறுதிமொழி, வெறி மிகுந்த விசுவாசம், வெறி மிகுந்த மக்கள். வீரம், பற்று, விடாமுயற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடைமொழி. செய்தித்தாளில் நாள்தோறும், தலைவர் பிறந்தநாள் வாழ்த்தில், படைவீரரைப் பாராட்டும் வரியில்.

மற்றவர்கள் அதைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். கிளெம்ப்பரருக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தியது. பழகாமல் இருப்பதற்குப் படிப்பு வேண்டியிருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் அந்தச் சொல் தேய்ந்துபோனதையும் அவர் பார்த்தார். 1944 நவம்பரில் ஹிட்லரின் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ், ‘காட்டு வெறி’யால்தான் இனி நாட்டைக் காப்பாற்ற முடியும் என்று எழுதினார். காட்டுத்தனம் இல்லாத வெறி என்று ஒன்று இருப்பதுபோல! வெறும் வெறி போதாமல் போயிருக்கிறது, அதன் தலையில் இன்னொரு சொல்லை ஏற்ற வேண்டியிருக்கிறது என்று கிளெம்ப்பரர் குறித்துக்கொண்டார். ஓர் ஆட்சியின் கையிருப்பு தீர்ந்ததை ஓர் அடைமொழியில் கண்டுபிடித்த மனிதர் அவர். (நம் மொழியிலும் ‘வெறித்தனம்’ பாராட்டாக மாறிக் கொஞ்ச காலம் ஆகிறது. அன்றைய ஜெர்மனியின் கதையோடு அதைச் சேர்த்துப் பேசுவது சரியல்ல. ஆனால் திருத்த வரும் தாள்களில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் என் பேனா ஒரு கணம் தயங்குகிறது.)

1935இல் பதவி போயிற்று. போர்முனையில் பணியாற்றியவர் என்பதால் முதல் சுற்று நீக்கத்தில் தப்பியிருந்தார், இரண்டாவதில் தப்பவில்லை. அதன் பிறகு வந்தவை ஒவ்வொன்றாக வந்தன. டிரெஸ்டனுக்கு வெளியே டோல்ச்சென் குன்றில், தோட்டத்தின் மேல் உயிரை வைத்திருந்த ஈவாவுக்காக, 1934இல் கடன் வாங்கிச் சிறிய வீடு ஒன்று கட்டியிருந்தார்கள். 1936இல், 54 வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டு பழைய ஓப்பல் ஒன்றை வாங்கினார். சம்பளம் போய் ஓய்வூதியத்தில் இருக்கும் மனிதர் கார் வாங்குவது அறிவுடைய செயலா என்று அவருக்கே கேள்வி. ஆனால் அந்தக் காரில் இருவரும் ஊர் ஊராகச் சுற்றிய நாட்களின் குறிப்புகளைப் படித்தால், அந்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் மூச்சு விட்டது அப்போது மட்டும்தான் என்று தோன்றும். 1938 டிசம்பரில் யூதர்களின் ஓட்டுநர் உரிமம் ரத்து. அதே மாதம் நூலகத்தில் நுழையத் தடை. தடையைச் சொல்ல வந்த நூலக அலுவலர் அவ்வளவு கலங்கிப்போயிருந்தாராம், அவரைத் தாமே தேற்ற வேண்டியிருந்தது என்று கிளெம்ப்பரர் எழுதுகிறார்.

1940இல் சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றி, ‘யூத வீடு’ என்று பெயரிட்ட ஒரு வீட்டில் பலரோடு சேர்த்து அடைத்தார்கள். 1941 செப்டம்பர் 19 முதல், யூதர் என்று காட்டும் மஞ்சள் நட்சத்திரத்தை உடையில் அணிய வேண்டும். பன்னிரண்டு ஆண்டு நரகத்தில் மிகக் கொடிய நாள் எது என்று தம்மையும் மற்றவர்களையும் கேட்டால் எப்போதும் வரும் பதில் இந்தத் தேதிதான் என்று பின்னால் எழுதினார். 1942 ஜூனில் உட்கார்ந்து, தங்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளைப் பட்டியலிட்டார். 31 வந்தன. வானொலி கூடாது. தொலைபேசி கூடாது. பத்திரிகை வாங்கக் கூடாது. பூ வாங்கக் கூடாது. சுருட்டு கூடாது. முடி திருத்தும் கடைக்குப் போகக் கூடாது. தட்டச்சுப் பொறி வைத்திருக்கக் கூடாது. சாய்வு நாற்காலி கூடாது. நாய், பூனை, பறவை கூடாது.

பூனை என்ற சொல்லுக்குப் பின்னால் முஷெல் என்று ஓர் ஆண் பூனை இருந்தது. நட்சத்திரம் அணிந்தவர்களின் வீட்டில் செல்லப்பிராணி இருக்கக் கூடாது, வேறு யாரிடமும் கொடுக்கவும் கூடாது என்று 1942 மே மாதம் உத்தரவு வந்தது. தம்பதி சில நாட்கள் தவித்தார்கள். கடைசியில் ஈவா, பூனைக்குப் பழக்கமான அட்டைப்பெட்டியிலேயே அதை வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றார். மயக்க மருந்து கொடுத்துக் கொன்றபோது பக்கத்திலேயே நின்றார். பூனை துன்பப்படவில்லை, அவள் துன்பப்படுகிறாள் என்று கணவர் அன்று எழுதினார். மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே அனுப்பிக் கொன்றுகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில் ஒரு பூனைக்கு இத்தனை வரிகளா என்று யாராவது கேட்கலாம். கிளெம்ப்பரரிடம் அதற்குப் பதில் இருந்தது. பெரிய நிகழ்ச்சிகளை யாராவது எழுதுவார்கள். கொடுங்கோன்மையின் அன்றாடம்தான் மறந்துபோகும். ஆயிரம் கொசுக்கடி, தலையில் விழும் ஓர் அடியைவிட மோசம். கொசுக்கடிகளைத்தான் கவனித்துக் குறிக்கிறேன் என்கிறார்.

ஏன் நாட்டை விட்டுப் போகவில்லை? படிக்கிற எல்லோருக்கும் எழும் கேள்வி இது. அவருடைய துறையைச் சேர்ந்தவர்கள் போனார்கள். லேயோ ஸ்பிட்ஸர் 1933இலேயே இஸ்தான்புல் போய்ப் பிறகு அமெரிக்கா சேர்ந்தார். எரிக் அவர்பாக் 1936இல் அதே இஸ்தான்புல்லுக்குப் போய், போர்க்காலத்தில் அங்கே உட்கார்ந்து ‘மிமேசிஸ்’ என்ற இலக்கிய ஆய்வு நூலை எழுதினார். கிளெம்ப்பரரும் முயன்றார், கடிதங்கள் எழுதினார், ஆங்கிலம் படித்தார். ஆனால் முழு மனத்தோடு முயன்றார் என்று எனக்குத் தோன்றவில்லை. வீடு இருந்தது, ஈவாவின் தோட்டம் இருந்தது. இன்னும் ஆழத்தில் வேறொன்று இருந்தது. தாம் ஜெர்மானியர், நாஜிகள்தான் ஜெர்மானியர் அல்லாதவர்கள் என்று அவர் நம்பினார். புராட்டஸ்டண்ட் மதத்துக்கு மாறியவர், போரில் சேவை செய்தவர், ஜெர்மன் மொழிக்குள்ளேயே மூச்சு விட்டவர். ஆண்டுகள் போகப்போக அந்த நம்பிக்கையில் ஓட்டைகள் விழுவதை நாட்குறிப்பு மறைக்காமல் காட்டுகிறது. இதைப் பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். தம்முடைய மொழியைத் திருடர்களிடம் விட்டுவிட்டுப் போக மனம் வராத ஒருவராகத்தான் நான் அவரைப் பார்க்கிறேன்.

ஈவா யூதர் அல்லர். அந்த ஒரு காரணத்தால்தான் கிளெம்ப்பரர் நாடுகடத்தும் ரயிலில் ஏற்றப்படாமல் இருந்தார். விவாகரத்து செய்யச் சொல்லி இத்தகைய மனைவிகளுக்குக் கொடுக்கப்பட்ட நெருக்கடி கொஞ்சமல்ல. சோதனைக்கு வந்த கெஸ்டபோ என்ற இரகசியப் போலீஸ் ஆட்கள் ஈவாவின் முகத்தில் துப்பினார்கள், அடித்தார்கள். விவாகரத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் கணவருக்கு மரணம். போடவில்லை. ‘எல்.டி.ஐ.’ முன்னுரையில் கிளெம்ப்பரர் வீரம் என்ற சொல்லை எடுத்து அலசுகிறார். நாஜிப் படையின் பழுப்புச் சீருடை, கார்ப் பந்தய வீரனின் உடை, பீரங்கி வண்டிக்காரனின் உடை என்று மூன்று உடைகளில் தவிர அந்தத் தலைமுறைக்கு வீரம் வேறெங்கும் கண்ணில் பட்டதில்லை. கைதட்ட ஆளில்லாமல் யூத வீடுகளில் வாழ்ந்த மனைவிகளின் வீரம்தான் தூய வீரம் என்று எழுதுகிறார்.

1941இல் ஒரு மாலை, சன்னலை இருட்டடிப்புச் செய்ய மறந்துவிட்ட குற்றத்துக்காக எட்டு நாள் சிறை. கண்ணாடியையும் புத்தகத்தையும் பறித்துக்கொண்டார்கள். படிக்க முடியாமல், எழுத முடியாமல், நேரம் என்ற ஒன்றே உறைந்துபோன அந்தச் சிறை அறையைப் பற்றிய பக்கங்கள் நாட்குறிப்பில் மிகச் சிறந்தவை. நான்கு நாள் கழித்து ஒரு பென்சிலும் தாளும் கிடைக்கின்றன. அந்தப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நரகத்திலிருந்து பூமிக்கு ஏறி வருவதாக எழுதுகிறார். கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது கையில் பிடித்திருக்கும் கழிதான் தம் நாட்குறிப்பு என்று வேறோர் இடத்தில் சொல்கிறார். அது இல்லாவிட்டால் நூறு முறை விழுந்திருப்பார்.

நூலகம் இல்லை, புத்தகம் இல்லை. மொழி ஆய்வுக்கு அவரிடம் இருந்த மூலங்கள்: கைக்கு அகப்பட்ட செய்தித்தாள், எங்கிருந்தோ காதில் விழும் வானொலிப் பேச்சு, தொழிற்சாலையில் பக்கத்தில் நிற்பவரின் உரையாடல், செத்தவர்களுக்கான விளம்பரம்.

இந்தக் கடைசியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரவு வேலையில் என் முதல் இரண்டு ஆண்டுகள் இரங்கல் விளம்பரங்களோடு கழிந்தவை. ‘மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்ற வரிகளில் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தள்ளுவேன். கிளெம்ப்பரர் டிரெஸ்டன் செய்தித்தாளின் அதே பகுதியை ஆட்சியின் நாடித்துடிப்பாகப் படித்தார். பிறப்புக்கு நட்சத்திரக் குறியும் இறப்புக்குச் சிலுவைக் குறியும் போடுவது வழக்கம். அவற்றின் இடத்தில் பழைய ஜெர்மானிய ரூன் எழுத்துகள் வந்தன. போரில் இறந்த மகனுக்குப் பெற்றோர் ‘பெருமிதத் துயருடன்’ அஞ்சலி செலுத்தினார்கள். மகன் ‘தலைவருக்காகவும் தாய்நாட்டுக்காகவும்’ இறந்தானா, ‘தாய்நாட்டுக்காக’ மட்டும் இறந்தானா, இரண்டும் இல்லாமல் வெறுமனே இறந்தானா? எந்தச் சொல்லைப் போட்டார்கள், எதை விட்டார்கள் என்பதைக் கொண்டு அந்தக் குடும்பம் மனத்துக்குள் எங்கே நிற்கிறது என்று அவரால் கணிக்க முடிந்தது. துயரத்தில் இருக்கும் தாய் ஒரு சொல்லை விட்டுவிடுவதுதான் அப்போது அவளால் செய்ய முடிந்த எதிர்ப்பு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் பார்த்துத் தள்ளிய அந்த ஆயிரக்கணக்கான விளம்பரங்கள் என் நினைவில் வேறு மாதிரி ஆகிவிட்டன.

சொற்கள் மிகச் சிறிய அளவு ஆர்சனிக் போன்றவை என்பார் அவர். தெரியாமல் விழுங்குகிறோம், ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும், கொஞ்ச காலம் கழித்து நஞ்சு வேலையைக் காட்டும். நஞ்சு கெட்டவர்களுக்குள் மட்டும் இறங்கவில்லை என்பதைக் காட்ட அவர் சொல்லும் ஒரு சம்பவம் என்னால் மறக்க முடியாதது. கட்டாய வேலைக்காக அவரைத் தபால் உறை செய்யும் தொழிற்சாலையில் போட்டிருந்தார்கள். அங்கே ஃப்ரீடா என்ற தொழிலாளிப் பெண் அவரிடம் அன்பாகப் பேசுவாள். யூதர்களோடு பேசுவதே ஆபத்து. ஈவா உடல்நலமின்றிப் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் அவருடைய எந்திரத்தின் மேல் ஒரு பெரிய ஆப்பிளை வைத்தாள். வீட்டம்மாவுக்கு, என் அன்பைச் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பட்டினிக் காலத்தில் ஓர் ஆப்பிள் எவ்வளவு பெரிய பரிசு! பிறகு ஆர்வமும் வியப்புமாகக் கேட்டாள்: “உங்கள் மனைவி ஜெர்மன்காரியாமே? உண்மையாகவே ஜெர்மன்காரியா?”

ஆப்பிள் தந்த மகிழ்ச்சி அங்கேயே போய்விட்டது என்கிறார். ஃப்ரீடா நாஜி அல்ல, நல்லவள். ஆனால் எதிரில் நிற்கும் இந்த மனிதர் ஜெர்மானியர் அல்லர் என்பது அவளுக்குள் ஐயமே இல்லாத உண்மையாக உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ‘ஜெர்மன்’ என்ற சொல் எப்படிப் புழங்கியதோ அப்படி அவளும் புழங்கினாள்.

1945 பிப்ரவரி 13 காலை, டிரெஸ்டனில் எஞ்சியிருந்த யூதர்களில் பலருக்கு 16ஆம் தேதி புறப்பட வேண்டும் என்ற உத்தரவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக் கிளெம்ப்பரரிடம் கொடுத்தார்கள். அது மரண ஓலை என்று கொடுத்தவருக்கும் வாங்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது. அன்று இரவு குண்டுவீச்சு. அந்த அழிவில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். நகரம் எரிய, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோய், மறுநாள் காலை எல்பே ஆற்றுக்கு மேலே உள்ள புரூல் மேடையில் ஒருவரை ஒருவர் கண்டார்கள். அங்கே ஈவா, பேனாக்கத்தியால் கணவருடைய கோட்டிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை அறுத்தெடுத்தார். நட்சத்திரத்தோடு பிடிபட்டால் சாவு, நட்சத்திரம் இல்லாமல் பிடிபட்டாலும் சாவு. ஆனால் காகிதங்கள் எரிந்த நகரத்தில் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. நட்சத்திரம் அணிந்திருந்த எழுபது பேரில் அந்த இரவில் பிழைத்தவர்களுக்கு அதுவே விடுதலையாக இருந்தது என்று அவர் எழுதுகிறார். ஒரு நகரத்தின் சாவும் ஒரு மனிதரின் உயிரும் ஒரே இரவில் பின்னிக் கிடப்பதை அவர் எந்தப் பக்கமும் இழுத்து எளிதாக்கவில்லை.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளை நான் குறைந்த ஈடுபாட்டோடுதான் படித்தேன். 1945 நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கிரைஃப்ஸ்வால்ட், ஹாலே, பெர்லின் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர், கிழக்கு ஜெர்மன் மக்களவையில் உறுப்பினர், 1952இல் தேசியப் பரிசு. இத்தனை காலம் மறுக்கப்பட்ட மதிப்பு மொத்தமாக வந்து குவிந்தது. அதை அவர் விரும்பினார். விரும்பியதை நாட்குறிப்பில் ஒளிக்கவும் இல்லை. புதிய ஆட்சியின் பேச்சிலும் பழைய நஞ்சின் வாடை அடிப்பதை 1945இலேயே கேட்டுவிட்டார். நாஜி ஆட்சிக்கு ‘மூன்றாம் பேரரசு’ என்று பெயர் என்பதால், ‘நான்காம் பேரரசின் மொழி’ என்று இதற்கும் குறிப்பு எடுக்கத் தொடங்கினார். ஆனால் ஊருக்குக் கேட்கும்படி அதைச் சொல்லவில்லை. ஈவாவின் துணிவை அவ்வளவு நுட்பமாக எழுதிய கை இந்த இடத்தில் நாட்குறிப்புக்குள்ளேயே நின்றுவிட்டது எனக்கு வருத்தம்தான். எழுபதை நெருங்கியவர், ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர், எதிர்ப் பக்கமான மேற்கு ஜெர்மனியில் பழைய நாஜிகள் மீண்டும் பதவிகளில் உட்காருவதைப் பார்த்தவர் என்பதும் எனக்குத் தெரியும். 1951 ஜூலையில் ஈவா இறந்தார். மறு ஆண்டு தம்முடைய மாணவி ஹாட்விக் கிர்ஷ்னரை மணந்தார். 1960 பிப்ரவரி 11 அன்று டிரெஸ்டனில் கிளெம்ப்பரர் இறந்தார்.

பிர்னாவில் பிழைத்திருந்த தாள்கள் அச்சுக்கு வர 1995 ஆயிற்று. எழுதியவர் இறந்து 35 ஆண்டு. வால்டர் நோவோய்ஸ்கி, ஹாட்விக்கின் உதவியோடு, அந்தக் கையெழுத்தைப் படித்துப் பதிப்பித்த இரண்டு தடித்த தொகுதிகள் ஜெர்மனியெங்கும் படிக்கப்பட்டன.

ஆனால் ‘எல்.டி.ஐ.’ முன்பே, 1947இல் வந்துவிட்டது. ‘லிங்குவா டெர்டீ இம்பெரீ’, மூன்றாம் பேரரசின் மொழி என்பதன் சுருக்கம் அது. எதற்கெடுத்தாலும் எழுத்துச் சுருக்கம் வைத்த ஆட்சியைக் கேலி செய்ய நாட்குறிப்பில் அவர் வைத்துக்கொண்ட இரகசியக் குறி. அந்தப் புத்தகம் எழுதப்பட்டதற்குக் காரணம் அதன் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. டிரெஸ்டனிலிருந்து தப்பி ஊர் ஊராக அலைந்து, பவேரியாவில் உண்டர்பெர்ன்பாக் என்ற கிராமத்தில் இருவரும் ஒதுங்கியிருந்தார்கள். போர் முடிந்திருந்தது. எந்த வேலையை முதலில் தொடங்குவது என்று அவருக்குக் குழப்பம். பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் திரும்பலாமா? இந்த மொழிக் குறிப்புகளுக்கு இனி மதிப்பு உண்டா, அல்லது இது தம்முடைய வீண் ஆசையா?

அங்கே அகதியாக வந்திருந்த பெர்லின் தொழிலாளிப் பெண் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தார். அவள் சிறையில் இருந்தவள். எதற்காக உள்ளே போட்டார்கள் என்று கேட்டார். அவள் தன் பெர்லின் கொச்சையில், இதென்ன கேள்வி என்பதுபோலச் சொன்னாள்: “வேயென் ஆவுஸ்ட்ருக்கென்.” ஹிட்லரையும் ஆட்சியின் சின்னங்களையும் திட்டியிருக்கிறாள். அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் தமக்குத் தெளிவு பிறந்தது, எதற்காக எழுத வேண்டும் என்று விளங்கியது என்கிறார்.

அந்த இரண்டு சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். ‘வெளிப்பாடுகளுக்காக’ என்றால் அகராதி சரி என்று சொல்லும், ஆனால் அந்தப் பெண் வாயில் அது வராது. ‘வாய்ப்பேச்சுக்காக’ என்று எழுதினேன். அவள் ஏதோ வாயாடி என்ற பொருள் வந்துவிட்டது. ‘நாலு வார்த்தை சொன்னதுக்கு’ என்றபோது அவளுடைய குரல் கொஞ்சம் கிடைத்தது. இப்போதைக்கு ‘சொன்ன சொல்லுக்காக’ என்று வைத்திருக்கிறேன். குறிப்பேட்டில் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.